பின்னாடி தண்ணி தெரியணும்

மலைமேல் மழை கொட்டினால் குற்றாலத்து ஐந்தருவியின் ஐந்து கிளைகளும் ஒன்றாகிச் செந்நிறத்தில் இறங்கும். போலீஸ்காரர் விசில் ஊதுவார். தலையில் தேய்த்த எண்ணெயோடு கூட்டம் வெளியே ஓடிவரும். வந்ததும் முதல் வேலை துவட்டுவதல்ல, பிளாஸ்டிக் கவரிலிருந்து செல்போனை உருவுவது. தடை குளிக்கத்தானே, படம் பிடிக்க இல்லையே! "ஏல, கொஞ்சம் தள்ளி நில்லுல, பின்னாடி தண்ணி தெரியணும்!"

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. ஜனங்கள் அலறியடித்து ஓடும் காட்சி உடனே ஊரெல்லாம் பரவியது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அங்கே நையாண்டிக்கு இடமில்லை. தூரத்தில் பத்திரமாக நின்று அதைப் படம் எடுத்தவரைக் குறை சொல்லவும் மாட்டேன். காட்டாற்று வெள்ளம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று நூறு அறிவிப்புப் பலகைகள் சொல்லியும் ஏறாதது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் மண்டையில் ஏறியது.

ஆனால் அதைப் பார்த்தவர்களில் சிலருக்குத் தோன்றியதோ, 'நம்ம பக்கத்துலயும் இப்படி ஒண்ணு போடணும்' என்பது!

அவர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு மழைக்கும் பழைய வெள்ளப் படம்தான் 'சற்றுமுன் குற்றாலத்தில்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சித்தப்பாக்களும் அசராமல் கைகூப்பி வைக்கிறார்கள். தேதி பார்க்கிற ஆளே இல்லாத ஊரில், உயிரைப் பணயம் வைத்துப் புதிதாக எதற்கு எடுக்க வேண்டும்?