கோர்ஸ் அண்ணை

லண்டனின் கோலியர்ஸ் வுட் பாதாள ரயில் நிலையத்தில் இறங்கும் தமிழ்ப் பிள்ளையின் தோளில் லேப்டாப் பை தொங்கினால் போதும், கோர்ஸ் அண்ணைக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

"தம்பி புதுசோ? என்ன படிக்க வந்தனீர்?"

"எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ்ணா."

"பிழை விட்டிட்டீர்."

சைபர் செக்யூரிட்டி என்று சொல்லியிருந்தாலும் பிழைதான். டேட்டா சயின்ஸ் என்றால் போன வருஷத்துச் சரக்கு. ஏஐ என்றால், "எல்லாரும் அதுக்குத்தான் போகினம், உமக்கேன் அது?" அண்ணையிடம் சரியான கோர்ஸோடு வந்து சேர்ந்தவர் இதுவரை யாருமில்லை.

அவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஹாரோவில் ஒருவர், ஈஸ்ட் ஹாமில் ஒருவர் என்று ஊருக்கு ஊர் இருக்கிறார். ஜூலை வெயிலிலும் கழற்றாத ஜாக்கெட், ஒரு கையில் டூட்டிங் கடைக் கறிவேப்பிலை, மறு கையில் போன். போனுக்குள் லண்டன் பல்கலைக்கழகங்களின் பிரசுரங்கள் அத்தனையும் இருக்கும். முதல் பக்கத்தில் கோர்ஸின் பெயரைப் பார்ப்பார், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தைப் பார்ப்பார். நடுவில் என்னென்ன பாடம் என்று ஒரு பட்டியல் இருக்குமே, அது அவருக்கு விளம்பரம்.

2001-இல் அவர் வாயில் இ-காமர்ஸ். பிறகு பிக் டேட்டா. இப்போது ஏஐ. நிலையத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிரிட்டானியா பாயின்டைப் பார்த்தால் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும். 1960களில் எழுப்பிய அலுவலகக் கோபுரம் அது. லண்டனிலேயே மக்கள் மிகவும் வெறுக்கும் கட்டடம் என்று 2006-இல் ஒரு வாக்கெடுப்பில் பெயர் வாங்கியது. பிறகு மேலே புதுப் பலகை போர்த்தி, புதுப் பெயர் சூட்டி, வீடுகளாக்கி விற்றார்கள். எலும்புக்கூடு பழையதுதான். சில எம்.எஸ்ஸி.களும் அந்த ரகம். 'வித் ஏஐ' என்று வாலை ஒட்டியிருப்பார்கள், உள்ளே பத்து வருஷத்துக்கு முந்தைய டேட்டா மைனிங்.

பெயரை மட்டும் பார்ப்பதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. யு.சி.எல்.லின் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் வேறு பாடம் படித்தவர்களைக் கணினிக்கு மாற்றுகிற கன்வெர்ஷன் படிப்பு. இம்பீரியலின் எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டிங்கும் அப்படியே. கணினிப் பட்டதாரிக்கு அங்கே அட்வான்ஸ்ட் கம்ப்யூட்டிங் தனியாக இருக்கிறது. அண்ணையோ கோயம்புத்தூர் பி.இ. பையனைக் கன்வெர்ஷனுக்கு அனுப்புவார். வேதியியல் படித்த பிள்ளையிடம், "அட்வான்ஸ்ட் எண்டால் நல்லதுதானே, அதுக்குப் போடும்" என்பார். இருவருக்கும் ஒரே வாரத்தில் 'வருந்துகிறோம்' வரும்.

1953-இல் கேம்பிரிட்ஜ் தொடங்கிய ஓராண்டுப் படிப்புதான் உலகில் கணினிக்கென்று வகுப்பு வைத்து நடந்த முதல் படிப்பு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். பட்டதாரிகளுக்கான டிப்ளோமா அது.

"டிப்ளோமாவோ? ஊரில என்ன சொல்லுவினம்?"

கணக்குப் போடுவதுதான் அவருடைய உச்சக் காட்சி. லிடில் ரசீதைத் திருப்பிப் போட்டு எழுதுவார். அறை வாடகை, ஆய்ஸ்டர் கார்ட், சிம், ஆண்டுக்கு 776 பவுன் மருத்துவக் கட்டணம். கூட்டி, அடியில் இரண்டு கோடு இழுப்பார். "மிச்சத்தை வேலை செய்து எடுக்கலாம்." அவர் சொல்லும் மிச்சம் கோர்ஸ் கட்டணம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதி ரசீதில் ஏறுவதில்லை.

"ஒரு வருஷம்தான், கண் மூடி முழிக்க முடிஞ்சிடும்" என்கிறாரே, அது உண்மை. சிக்கலே அதில்தான். செப்டம்பரில் வந்து இறங்கியவன் வகுப்பறைக்கு வழி கண்டுபிடிப்பதற்குள் பெரிய கம்பெனிகள் அடுத்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன. ஜனவரியில் விழித்துப் பார்த்தால் பாதிக் கதவு மூடியிருக்கும்.

அண்ணையின் சொந்த மகன் எம்.எஸ்ஸி. பக்கமே போகவில்லை. ஒரு நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பில் பட்டம் படிக்கிறான், கட்டணம் ஒரு பென்னி கிடையாது. கேட்டால், "அவன் ஏதோ செய்யிறான்" என்று பேச்சை மாற்றிவிடுவார். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு அந்த வழி இல்லை என்பதால் அவர் வாயைக் கிளறி லாபமில்லை.

ஆனால் எந்தத் தெருவில் அறை காலி, எந்த வீட்டுக்காரர் முன்பணத்தை ஒழுங்காகத் திருப்பித் தருவார் என்பதில் மனிதர் தவறியதே இல்லை. குளிரில் வந்து நின்ற பிள்ளைகளைத் தன் வீட்டு சோபாவில் வாரக்கணக்கில் படுக்க வைத்துச் சோறு போட்டவர். அதனால்தான் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷ விசா நிச்சயம் என்று இப்போதும் சொல்லி வருகிறார். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் எம்.எஸ்ஸி.காரர்களுக்கு அது 18 மாதம்தான். 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்புக்கு வந்து சேர்பவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். அறை தேடி அண்ணையிடம் தாராளமாகப் போங்கள். ஆஃபர் லெட்டரை மட்டும் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.