மனையங்குல சாஸ்திரம்

மனையடி சாஸ்திரம் அடிக்கணக்கில் பலன் சொல்லும். இத்தனை அடி வைத்தால் செல்வம், ஓரடி கூட்டினால் கடன் என்று அதில் பட்டியலே உண்டு. அதை எழுதியவர்களுக்கு ஐந்தடியை ஓர் அங்குலத்துக்குள் அடக்கும் அவசியம் வரவில்லை. எங்களுக்கு வந்திருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசை விளையாட்டுகளில் ஓர் அங்குலக் கட்டம் என்றால் ஐந்தடி நிலம். அதன்மேல் 28 மில்லிமீட்டர் உயர வீரர்களும் மந்திரவாதிகளும் நிற்பார்கள். அவர்கள் நுழைய, ஒளிய, கொள்ளையடிக்க, கடைசியில் கொளுத்த ஒரு வீடு வேண்டும். ஆட்டம் நான்கு மணிக்கு. இப்போது மணி இரண்டே கால். இந்நூல் செய்ததன் காரணம் இதுவே என்க.

நூலென்றால் வழி சொல்ல வேண்டும். இத்துறைக்கு முதல்நூல் தந்தவர் எச்.ஜி. வெல்ஸ், கால இயந்திரமும் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பும் எழுதிய அதே வெல்ஸ்தான். 1911இல் ‘ஃப்ளோர் கேம்ஸ்’, 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என இரண்டு புத்தகங்கள் எழுதி, தரையில் மரக்கட்டைகளை அடுக்கி ஊர் கட்டி, ஈயச் சிப்பாய்களைப் பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவது வளர்ந்த மனிதனுக்கும் தகும் என்று நிறுவினார். வழிநூலார் இருவர். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவில், வீட்டு நிலவறையில் மணல் மேசை வைத்திருந்த கேரி கைகாக்ஸ் ஒருவர். மினசோட்டாவின் டேவ் ஆர்னெசன் மற்றவர். ஆர்னெசன், நெப்போலியன் காலத்துப் போர் ஆட வந்த நண்பர்களுக்கு முன்னால் பிங்பாங் மேசையில் ஒரு பிளாஸ்டிக் கோட்டையை வைத்து அவர்களைத் திகைக்கவைத்தார். கடையில் வாங்கிய மனையும் மனையே என்பதற்கு அதுவே மேற்கோள். இருவரும் சேர்ந்து உருவாக்கி, 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உலவும் ஆந்தைக்கரடியும், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பிராணியும் ஹாங்காங்கில் செய்த மலிவுப் பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. ஆகவே கையில் அகப்பட்டதை வைத்து உலகம் செய்வது இத்துறையில் இழுக்கல்ல, மரபு.

அகப்படும் பொருள் நான்கு வகைப்படும். தொல்காப்பியர் சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனப் பிரித்தாரல்லவா, அதே பிரிவு இங்கும் பொருந்துகிறது.

இயற்பொருளாவது ஃபோம் போர்டு. பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்காக ஸ்டேஷனரிக் கடையில் தொங்கும் 5 மில்லிமீட்டர் அட்டை. ஒருபக்கத் தாளை உரித்துவிட்டு, மை தீர்ந்த பேனாவால் கீறினால் கல்சுவர். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி அதன்மேல் உருட்டினால் கல்லுக்கு வயதும் வந்துவிடும்.

திரிபொருள், ஒரு வேலைக்குப் பிறந்து வேறொன்றாகத் திரிந்தது. கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டை கூரை ஓடாகும். ஐஸ் குச்சி உத்தரமாகும். ஃபெவிகாலில் முக்கிய பழைய துவாலைத் துண்டு, காய்ந்து மஞ்சள் பூசியதும், வைக்கோல் கூரையாகும். துவாலை பழையதுதானா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நலம்.

திசைப்பொருள், அமெரிக்க வீடுகளில் குளிருக்குத் தடுப்பாகச் சுவரில் வைக்கும் கெட்டியான பாலிஸ்டைரீன் பலகை. ரோஸ் நிறத்திலும் நீல நிறத்திலும் வரும். அந்நாட்டு மனைநூலார் இதைப் பாடிப் பாடி ஓய்ந்தார்கள். நம் தெர்மாகோல் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இரசாயனம் ஒன்று, குணம் வேறு: அறுத்தால் மணிமணியாக உதிர்ந்து சட்டையில் ஒட்டிக்கொள்ளும், விசிறி போட்டால் ஹால் முழுக்கப் பறக்கும். தெர்மாகோலுக்கும் காற்றுக்கும் ஆகாது என்பதை, நீர் ஆவியாகாமலிருக்க 2017இல் அதை மேலே மிதக்கவிட்டபோது வைகை அணையே பார்த்துவிட்டது. நாமும் பதிலுக்கு ஒரு திசைப்பொருள் அனுப்பியிருக்கிறோம். மேல்நாட்டு மேசைப் போராளிகள் தேங்காய்நார் மிதியடியை அறுத்து, விளைந்த கோதுமை வயலாக நட்டுவைக்கிறார்கள். தேங்காய்நாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காயர்’ என்ற பெயரும் மலையாளக் கரையிலிருந்து போன நம் கயிறுதான்.

வடபொருள், திரிபின்றி அப்படியே வந்து உட்காருவது; 3டி பிரிண்டரில் அச்சிட்ட வீடு. ஒரு வீடு அச்சாகி முடிய விடிந்துவிடும். மணி இரண்டே கால் ஆனவனுக்கு அது பயன்படாது. விடுக.

இனி அளவும் பலனும். நான்கங்குலச் சுவர்களை வைத்துப் பெட்டி செய்தால் உள்ளே நான்கு கட்டம் கிடைக்கும் என்று நினைப்பவன் கன்னி முயற்சிக்காரன். இருபக்கச் சுவரும் ஐந்தைந்து மில்லிமீட்டர் தின்றுவிட, மிஞ்சுவது 3.6 அங்குலம். அந்த அரைகுறைக் கட்டத்தில் எந்த வீரனும் நிற்க மாட்டான். ஆகவே உள்ளளவைக் குறித்துக்கொண்டு சுவரை வெளியே நிறுத்துக. உள்ளகலம் ஓரங்குலமாயின் முன்னால் போனவன் மட்டும் சண்டை போடுவான், பின்னால் நிற்பவர்கள் செல்போனை எடுப்பார்கள். ஈரங்குலம் மத்திமம். நான்குக்கு ஆறு உத்தமம்: 20க்கு 30, அதாவது 600 சதுரஅடி, நான்கு வீரரும் ஒரு பூதமும் தாராளமாக அடித்துக்கொள்ளலாம். எட்டைத் தாண்டினால் கூரை நடுவில் தொய்யும். பன்னிரண்டு வைத்தவன் மேசையில் பஜ்ஜித் தட்டுக்கு இடமிராது. விருந்தினர் மனவருத்தம், ஆட்டம் பாதியில் கலைதல் ஆகியவை பலன்.

வாசலுக்குத் தனி விதி. கணக்குப்படி ஏழடிக் கதவுக்கு 35 மில்லிமீட்டர் போதும். ஆனால் வீரன் தனியாக வருவதில்லை. அவன் காலுக்கடியில் 25 மில்லிமீட்டர் வட்டத் தட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. குளிக்கப்போனாலும் அதோடுதான் போவான். ஆகவே உயரம் 40, அகலம் 25க்குச் சற்று மேல். அதாவது, குடியானவன் குடிசைக்கும் ஐந்தடி அகல வாசல்.

“என்னடா இது, மாட்டுத் தொழுவமா?” என்றார் அம்மா.

“வீடும்மா. சத்திரம்.”

“கொலுவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேடா.”

கொலுவில் பார்க் வைத்துப் பழகிய கை அவருடையது. என் கூரையை ஒரு விரலால் தள்ளிப் பார்த்து, அது தனியாகக் கழல்வதை மட்டும் மெச்சினார். மனை மூவகை என்னும் அடுத்த இயலுக்கு அதுதான் தோற்றுவாய்.

கூரை கழல்வது முழுமனை. மூடியைத் தூக்கிக் குழம்பு பார்ப்பதுபோல் உள்ளே பார்க்கலாம். தெருவுக்கு முகம் மட்டும் காட்டி முதுகில்லாமல் நிற்பது முகமனை. சினிமா செட்டுக்காரர்களுக்குத் தெரிந்தது, இங்கே விரிக்கவில்லை. மூன்றாவது இடிமனை.

விரைவு நூலின் உயிர் இடிமனையில் இருக்கிறது. இரண்டே சுவர், மூலையில் சேரும். ஒன்று உயரம், மற்றது சரிவாகப் பிய்ந்தது. கூரை இல்லை, கதவு இல்லை, கைநுழையத் தடையில்லை. ஃபெவிகால் காய இராத்திரி வேண்டும். ஹாட் க்ளூ கன் ஒரு நிமிடத்தில் பிடிக்கும், சூடு மிஞ்சினால் ஃபோமையே கரைக்கும். முழுமனையில் அது குற்றம். இடிமனையில் அதுவே பீரங்கிக் குண்டு பட்ட இடம். கோணல் வெட்டு பழமையாகும், வழிந்த பசை பாசியாகும், வெட்டி எறிந்த துண்டு அடியில் குவிந்து இடிபாடாகும். பதினைந்து நிமிட வேலை. ‘ஊரெல்லாம் இடிந்து கிடந்தால் குடியிருப்பது யார்?’ என்று வினவுவாரும் உளர். என்னிடமும் வினவினார்கள். போன வருஷம் ஒரு டிராகன் வந்துபோனது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த டிராகனைத் தேடி நாலு மாதம் அலைந்தார்கள். அதற்கொரு பெயரும் குகையும் குடும்பமும் நான் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

வண்ணம்: கறுப்பில் ஃபெவிகால் கலந்து முதல் பூச்சு, ஃபோமுக்கு அது தோல்போல் இறுகும். ஹேர் டிரையர் காட்டுக. பிறகு சாம்பல் நிறத்தில் தூரிகையைத் தோய்த்து, துணியில் ஏறக்குறைய முழுதும் துடைத்துவிட்டு, சுவரை மேலாக வருடினால் மேடுகள் மட்டும் நிறம் பிடிக்கும். நன்னூலார் நூலுக்குக் குற்றம் பத்து என்றார். நான் ஒன்றோடு நிறுத்துகிறேன்: ஸ்ப்ரே பெயிண்ட். அதிலுள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைச் சர்க்கரைபோல் உருக்கும். நேரம் மிச்சம் பிடிக்க மொட்டைமாடியில் ஒரு மணிக்கூண்டின்மேல் அடித்தேன். காய்வதற்குள் அது கிணறாகிவிட்டது. கிணறாகவே வைத்து ஆடினோம்.

மனைகள் எப்படி அழியும் என்பது கடைசி இயல். ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. சிறுமியர் தெருமணலில் சின்ன வீடு கட்டியிருக்க, பாட்டுடைத்தலைவனான குழந்தை அதை உதைக்க வருவான். உதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். டன்ஜன் மாஸ்டர், நம் கூத்துமொழியில் கட்டியங்காரன், அந்தச் சிறுமியர் கட்சி. எதிரே ஐந்து பேர், அத்தனை பேரும் பாட்டுடைத்தலைவர்கள்.

அன்று சத்திரம் மூன்றரைக்கே முடிந்தது. உள்ளே மேசை, பென்சில் சீவலில் செய்த தட்டுகள், பரணில் ஒளித்துவைத்த வரைபடம். வந்தவர்கள் வாசலில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கூரையை ஒருவரும் தூக்கவில்லை. மேசை மூலையில், பஜ்ஜிக் கை துடைக்க அம்மா வைத்துப்போன டிஷ்யூ பெட்டி இருந்தது.

“அந்தக் கட்டடம் என்ன?” என்றான் ஒருவன்.

“பூட்டியிருக்கு” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஐந்து வீரரும் சுற்றி வளைத்தார்கள். ஒருவன் சுவரில் காதை வைத்தான், ஒருத்தி பூட்டுத் திறக்கப் பகடை உருட்டினாள்.

“மேலே ஓட்டையிலேர்ந்து வெள்ளையா என்னமோ நீட்டிக்கிட்டிருக்கே, புகையா பேயாடா?”

மணி ஐந்து.

“பேய்தான்” என்றேன்.