பச்சிலைப் பாட்டியின் வாய்

வாளும் மந்திரமும் மண்டிக் கிடக்கும் பெரிய மாயக் கதைகளில் ஒரு பச்சிலைப் பாட்டி கட்டாயம் இருப்பாள். வீரனைக் குற்றுயிராகத் தூக்கி வருவார்கள். அவள் எதையோ அரைத்துப் பூசுவாள். வீரன் எழுந்து போவான். அடுத்த அத்தியாயத்தில் அவளைக் காணோம். பெரும்பாலும் வாயே திறக்க மாட்டாள், திறந்தாலும் புதிர்தான். இந்த வம்சத்துக்கே பொருந்தாத ஒருத்தி, டோல்கியனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்தில் (1955) வருகிறாள்: கோண்டோர் நாட்டு மினாஸ் திரித் நகரத்து மருத்துவ இல்லத்தில் பணிசெய்யும் பெண்களில் மூத்தவளான யோரெத். மூலிகை இருப்பு உண்டா என்று கேட்டால், உண்டு ஆனால் போதாது என்பதோடு நிற்காமல், ஊரெல்லாம் தீ, லோஸ்ஸர்னாக்கிலிருந்து சந்தைக்கு வண்டி வந்தே நாளாயிற்று என்று போய்க்கொண்டே இருப்பாள். வாசகர்கள் அவளைச் சிரிப்புக்கு வைத்த பாத்திரம் என்று கடந்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு: கோண்டோர் நாட்டைப் பிழைக்கவைத்ததில் அந்த வாய்க்குப் பெரும்பங்கு உண்டு.

நடந்ததைப் பாருங்கள். கோண்டோரின் தளபதி ஃபாரமீர் காய்ச்சலில் கிடக்கிறான், வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். யோரெத் அழுதுகொண்டே, அந்தக் காலம்போல ராஜா இருந்தால் தொட்டே குணமாக்குவாரே, உண்மையான ராஜாவை அப்படித்தானே அடையாளம் காண்பார்கள் என்று புலம்புகிறாள். பக்கத்தில் நிற்பவர் காண்டால்ஃப், அந்த உலகத்தின் மகாஞானி. அவருக்கே அந்தப் புலம்பலைக் கேட்ட பிறகுதான் பொறி தட்டுகிறது. உரிமைத் தகராறு எழக்கூடாதென்று நகருக்கு வெளியே கூடாரத்தில் ஒதுங்கியிருக்கும் அரியணை வாரிசு அரகார்னை அழைக்க ஓடுகிறார். அவன் வந்து கேட்கும் ‘அதேலாஸ்’ என்ற மூலிகைப் பெயர் பாட்டிக்குத் தெரியவில்லை. ‘ராஜா இலை’ என்றதும் தெரிந்துவிடுகிறது: சகோதரிகளோடு காட்டில் பார்த்ததையும், நான் ராஜாவாக இருந்தால் தோட்டத்தில் இதைவிடப் பளிச்சென்ற செடி வைப்பேன் என்று சொன்னதையும் ஒப்பிக்கிறாள். உன் நாக்கின் வேகத்தில் ஓடிப்போய் இலையைக் கொண்டுவா என்று அரகார்ன் விரட்ட வேண்டியதாகிறது.

அடுத்து வருபவர் மூலிகைத் தலைவர். அந்த இலைக்கு எந்த மொழியில் என்ன பெயர் என்று சொல்ல அவரிடம் நேரமிருக்கிறது, கொடுக்க ஓர் இலை இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இதற்கு மருத்துவ குணமே இல்லை, யோரெத் மாதிரிப் பெண்கள் பொருள் புரியாமல் முணுமுணுக்கும் பழம்பாட்டை நம்பினால்தான் உண்டு என்கிறார். தலைவலிக்குக் கிழவர்கள் கஷாயம் போடுவதுண்டு என்றும் போகிறபோக்கில் சொல்கிறார். அவர் இளக்காரமாகத் தள்ளிய பாட்டில் இருந்ததோ கச்சிதமான மருந்துக் குறிப்பு. கடைசியில் பெர்கில் என்ற சிறுவன் துணியில் ஆறு இலை கொண்டுவருகிறான், பறித்து இரண்டு வாரமாவது ஆன இலை. அரகார்ன் இரண்டைக் கசக்கி வெந்நீரில் போடுகிறான். அறை முழுக்கப் புதுக்காற்று.

குணமாக்கியது அரகார்னின் கைதானே, கிழவிக்கு என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கைக்காரனை வரவழைத்தது வாய். பொருள் தெரியாமலே சொன்னாள் என்பதும் குறையில்லை; பொருள் தெரிந்தவர்கள் மட்டும் சொல்வதென்றிருந்தால் ராஜா தொட்டால் குணமாகும் என்ற அந்தப் பழமொழி எப்போதோ செத்திருக்கும். ஊர்வம்பு பேசி எதையும் ஊதிப் பெரிதாக்குவாள் என்ற குற்றச்சாட்டை மட்டும் மறுக்க முடியாது. ஆனால் ராஜா வந்துவிட்டார், போருக்குப் பின் குணமளிக்கிறார் என்று அன்றிரவே நகரெங்கும் பரவிய பேச்சு, எந்தப் பிரகடனத்தையும்விட அரகார்னுக்கு உதவியது. முடிசூட்டு விழாவிலும் அவள் திருந்தவில்லை. கதைநாயகன் ஃப்ரோடோ ஒரே ஒரு வேலையாளோடு போய், இருள் அரசனோடு தனியாகச் சண்டைபோட்டு, கோட்டைக்குத் தீ வைத்தானாக்கும் என்று நாட்டுப்புறத்து உறவுக்காரிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சை நிறுத்த ஓர் எக்காளம் ஊத வேண்டியிருந்தது.