ரெண்டாவது பேட்டரிங்களா, மாப்ள?

வெச்சுக்கலாமுங்க மாப்ள, தாராளமா வெச்சுக்கலாம். பெங்களூருல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து தேஞ்ச முதுகை, டெம்போ டிராவலர்ல மெத்தை போட்டு ஊர் ஊராப் போய் நிமித்தோணும்னு நெனைச்சிருக்கீங்க. நல்ல ரோசனை. ஃபிரிட்ஜு, ஃபேனு, லைட்டு, அதுக்கு மேல கரண்டு அடுப்பு. எல்லாத்துக்கும் சேத்தி இன்னொரு பேட்டரி. லேப்டாப்புல கலர் கலரா வயரிங் படம் போட்டு வெச்சிருக்கீங்க, பாத்தேன். ரொம்ப அழகு. ஃபியூஸ் மட்டும் எங்கயும் காணோம். படத்தோட லட்சணம் கெட்டுப்போகும்னு விட்டிருப்பீங்க.

நான் நாமக்கல்லுல லாரிக்கு வயரிங் பாத்தவன். இந்தச் சொகுசு வண்டிச் சமாச்சாரமெல்லாம் எனக்கெங்க தெரியப்போகுது? எங்களுக்கெல்லாம் 24 வோல்ட்டு. 12 வோல்ட்டு பேட்டரி ரெண்டை வரிசையாக் கோத்தா 24. நேத்தைக்குப் பட்டறைக்குள்ள எட்டிப் பாத்துப்போட்டு, "ரெண்டு பேட்டரி, நடுவுல ஒரு வயரு, இவ்ளோதானுங்களா மாமா"ன்னு கேட்டீங்க பாருங்க, எம்புள்ளைய நல்ல தைரியசாலிக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கறேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்படியே உங்க வண்டியில கோருங்க. 12 வோல்ட்டு ஃபேனு 24 வோல்ட்டுல ஒரு நிமிசம் ஹெலிகாப்டர் மாதிரி சுத்தும். அந்த ஒரு நிமிசக் காத்து வேற எங்கயும் கெடைக்காது.

சரி, பிளஸ்ஸோட பிளஸ்ஸு, மைனஸோட மைனஸ்னு சேத்தா 12 தானேங்கறீங்க. வாஸ்தவம். ராத்திரி நீங்க குளுகுளுன்னு தூங்கற நேரத்துல ஃபிரிட்ஜு ரெண்டு பேட்டரியையும் சேத்தியே உறிஞ்சும். காலையில கொல்லிமலை உச்சியில செல்ஃப் அடிச்சா "டிக்"குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். எறங்கறதுக்குக் கொண்டை ஊசி வளைவு 70 இருக்குது. வண்டியத் தள்ளறதுக்கு எம்புள்ளையத்தான எறக்குவீங்க?

அதனால நடுவுல ஒரு காவக்காரன் வேணும். பழைய வண்டின்னா வோல்டேஜ் பாத்துச் சேக்கற ரிலே போதும். டைனமோ ஓடி 13.3 வோல்ட்டுக்கு மேல போனா ரெண்டையும் சேத்திவிடும், 12.8க்கு எறங்கினா பிரிச்சுவிடும். ஆனா உங்களுது பிஎஸ்6. அந்த வண்டிகள்ல சிலதுல டைனமோவே படிச்ச டைனமோ. டீசல் மிச்சம் பண்றேன்னு அதுவா வோல்டேஜைக் கொறைச்சுக்கும். ரிலேயும் சரி, வண்டி நின்னுபோச்சுன்னு நெனைச்சுக் கழண்டுக்கும். அதுக்கு டிசி-டிசி சார்ஜர்னு ஒண்ணு வாங்கோணும். வெலையக் கேட்டதும் மொகம் சுருங்குது பாருங்க. மெத்தை விரிப்புக்கு ஜெய்ப்பூர்ல ஆர்டர் போட்டப்ப இந்த மொகம் சுருங்கலையே!

வயருக்கு வருவோம். வீட்டு ஏசிக்கு இழுத்ததுல மிச்சமான 4 ஸ்கொயர் வயரை எடுத்து வெச்சிருக்கீங்க. சிக்கனம், மெச்சறேன். இஞ்சின்ல இருந்து பின்னாடி கட்டிலுக்கு அடியில வரைக்கும் 5 மீட்டர், போக வர 10. அதுல 30 ஆம்பியர் ஓடுச்சுன்னா வழியிலயே 1.4 வோல்ட்டு காணாமப் போயிரும். முன்னாடி மீட்டர் வெச்சா 14.2, பின்னாடி வெச்சா 12.8. அந்த வோல்டேஜுக்கு 30 ஆம்பியர் ஏது? சொட்டுச் சொட்டா ஏறும், நாள் பூரா ஓட்டினாலும் நெறையாது. போன கரண்டு எங்க போச்சுன்னு பாக்கோணும்னா வயரைத் தொட்டுப் பாருங்க, சுடும். 16 ஸ்கொயர் போட்டா இழப்பு 0.35 வோல்ட்டுதான். 25 போட்டா இன்னும் கம்மி.

ஆனா தடி வயரை வாங்கிக் குடுத்தாலும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். முந்தாநேத்து ஒரு துண்டு பாத்தேன். வயர் முனையில மாட்டற லக்குக்குள்ள நுழையலைன்னு வெளிச்சுத்து இழையில ஒரு கொத்தைக் கத்திரியால நறுக்கிப்போட்டு, மிச்சத்தை உள்ள திணிச்சு, கட்டிங் பிளேயர்ல ஒரு கடி கடிச்சு, மேல கறுப்பு டேப்பு சுத்தி மறைச்சிருந்தீங்க. புடிச்சு இழுத்தேன், கையோட வந்திருச்சு. வயரு அளவுக்கு லக்கு வாங்கி, கிரிம்பிங் டூல்ல அமுக்குங்க. தகரத்துல ஓட்டை போட்டு வயரை விடற எடத்துல ரப்பர் புஷ்ஷு மாட்டுங்க. இல்லீன்னா வண்டி குலுங்கற ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த விளிம்பு வயர்த் தோலை அறுத்துக்கிட்டே இருக்கும். அறுத்து முடிக்கற அன்னைக்கு ஃபியூஸ் இல்லாத உங்க அழகுப் படத்துக்குத் திறப்பு விழா.

ஃபியூஸு ஒண்ணில்ல, ரெண்டு. ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்குதே, ரெண்டு பக்கமிருந்தும் கரண்டு பாயும். ஒவ்வொரு பிளஸ்ல இருந்தும் ஒரு சாணுக்குள்ள ஒண்ணு இருக்கோணும்.

எந்த பேட்டரிங்கற கேள்விக்கு எங்க பட்டறை மூலையில கெடக்கற பழைய லாரி பேட்டரியக் கண்ணு வெச்சிருக்கீங்க. அது செல்ஃப் மோட்டாருக்கு ரெண்டு செகண்டு முக்கிக் குடுக்கறதுக்குன்னே மெல்லிசுத் தகடு அடுக்கினது. ராத்திரி பூரா நிதானமா உறிஞ்சினா சீக்கிரம் படுத்துக்கும். இன்வெர்ட்டர் டியூபுலர் தாங்கும். ஆனா 100 ஆம்பியர் அவர்னா பாதி, 50தான் நம்முது. அதுக்கு மேல எடுத்தா ஆயுசு கொறையும். சார்ஜ் ஏறறப்ப ஹைட்ரஜன் வேற விடும். அதுக்கு வாசமே இல்ல. கட்டிலுக்கு அடியில அடைச்சு வெச்சு, மேல படுத்துக்கிட்டுத் தீக்குச்சி ஒரசாதீங்க. அழுகின முட்டை நாத்தம் வந்தா ஓவர் சார்ஜுன்னு அர்த்தம். நாமக்கல் மாப்ளைக்கு அந்த நாத்தம் பழக்கந்தான்னு இருந்துபோடாதீங்க.

லித்தியம் லேசு, முக்கால்வாசிக்கு மேல எடுத்தாலும் கோவிச்சுக்காது. ஆனா நேராக் கோத்தா டைனமோவக் கெறங்கற வரைக்கும் உறிஞ்சும். லடாக் போறோம்கறீங்க, 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா செல்லு கெட்டுப்போகும். பேட்டரிக்கும் ஒரு கம்பளி வாங்கிக்குங்க.

அப்புறம் அந்தக் கரண்டு அடுப்பு. 1800 வாட்டை 12ஆல வகுத்தா 150 ஆம்பியர். இன்வெர்ட்டர் தின்னறதையும் சேத்தினா 170. 100 ஆம்பியர் அவர் லித்தியத்துக்குள்ள இருக்கற பிஎம்எஸ்ங்கற பாதுகாப்பு போர்டு பெரும்பாலும் 100 ஆம்பியருக்கு மேல போனாலே கதவைச் சாத்திப்போடும். அரிசியும் தண்ணியும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும்.

பேட்டரி கரண்டை வெளைவிக்கற சாமானம் இல்லீங்க. அண்ணனும் தம்பியும் ஒரே கல்லாவுல பங்கு வெச்ச கதைதான். சம்பாதிக்கறது டைனமோ ஒருத்தன், செலவு பண்றது எல்லாரும். சின்ன கம்ப்ரசர் ஃபிரிட்ஜு மட்டுமே நாளைக்கு 30, 40 ஆம்பியர் அவர் தின்னும். ரெண்டு மணி நேரம் வண்டி ஓடி, 30 ஆம்பியர் ஏறுச்சுன்னா ஈடு கட்டிரலாம். ஏற்காட்டுல மூணு நாள் ஒரே எடத்துல நிறுத்திப்போட்டுப் படுத்துக்குவோம்னா ரெண்டாம் நாளே ஃபிரிட்ஜுக்குள்ள பாலு தயிராயிரும். கூரை மேல சோலார் போடலாம். மூடுபனி சீசன்ல அதுவும் உங்களை மாதிரி படுத்துக்கும். பேட்டரி வாங்கறதுக்கு முன்னாடி, என்னென்ன எத்தனை மணி நேரம் ஓடும்னு ஒரு காகிதத்துல எழுதி எம்புள்ளைகிட்டக் குடுங்க. கணக்கு அவளுக்கு நல்லா வரும்.

சரி, ஸ்பேனரை எடுங்க, ஆரம்பிக்கலாம். மைனஸை மொதல்ல கழட்டோணும், கடைசியா மாட்டோணும். அதுக்கும் முன்னாடி அந்த மோதிரத்தைக் கழட்டுங்க. ஸ்பேனரும் மோதிரமும் பிளஸ்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல மாட்டுச்சுன்னா தங்கம் செவக்கறதுக்குள்ள வெரலு வெந்துரும். கல்யாணத்துக்கு நான் போட்டதுதானுங்களே மாப்ள, எங்கிட்டயே குடுங்க, பத்திரமா வெச்சிருக்கறேன். வேலை முடிஞ்சு, அந்த லக்கை மறுபடி ஒருக்கா இழுத்துப் பாத்துப்போட்டுத் திருப்பிக் குடுக்கறதைப் பத்திப் பேசிக்கலாம்.