கூரையும் சமையற்காரம்மாவும்

நம் பள்ளிகளில் தவறுக்குத் தண்டனை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் தாமதமா, பிரேயர் முடியும்வரை வெளியே நில். ழகரம் தப்பியதா, நூறு தடவை இம்போசிஷன். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. எட்டு வயதுக்குள் பொறுப்பு என்றால் என்னவென்று மண்டையில் ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றுகிறவர்களுக்கும் அவர்களை மேற்பார்வையிடுகிறவர்களுக்கும்தான் அது சிலபஸில் இல்லை.

2004 ஜூலை 16, கும்பகோணம். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். மாடியில் கீற்றுக் கொட்டகைக்குள் வகுப்பு, அதே வளாகத்தில் சத்துணவு அடுப்பு, இறங்குவதற்குக் குறுகலான மாடிப்படி. அடுப்புத் தீ கீற்றுக்குத் தாவியது. 94 குழந்தைகள் கருகிப்போனார்கள்.

கீற்றுக் கொட்டகை என்ன, பீரோவில் பூட்டிவைக்கிற கறுப்புப் பணமா? தெருவில் போகிற தயிர்க்காரிக்குக்கூடத் தெரியும், மேலே ஓலை வேய்ந்திருக்கிறது என்று. ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு மட்டும் தெரியாது. பாவம், அவர் வருகைப் பதிவேட்டைக் குனிந்து பார்க்க வந்தவர். நிமிர்ந்து பார்க்கச் சொல்லி எந்த அரசாணை இருக்கிறது? பதிவேட்டில் கையெழுத்து, தலைமையாசிரியர் அறையில் காபி, அத்துடன் ஆய்வு சுபம்.

தீக்குப் பிறகு வந்ததே சுறுசுறுப்பு! சஸ்பெண்ட், விசாரணை ஆணையம், நிவாரணம். மாநிலம் முழுக்கப் பள்ளிக் கூரைகளில் கீற்றைப் பிய்த்து எறிந்தார்கள். உடனடியாகத் தண்டனை அடைந்தது கூரை ஒன்றுதான். அதற்கு வக்கீல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. தீர்ப்பு வரப் பத்து வருடம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும் வேலையே இல்லாமல், அத்தனை வருடமும் அப்பாக்களும் அம்மாக்களும் தாமாகவே நீதிக்கு நடையாய் நடந்தார்கள். 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள். 2017இல் உயர் நீதிமன்றம் மேலும் 7 பேரை விடுவித்தது. நிறுவனருக்கு, சிறையில் இருந்த காலமே போதும் என்றாகிவிட்டது.

சட்டத்துக்குச் சாட்சியம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் நிரூபணமாகவில்லை என்றால் தவறே நடக்கவில்லை என்று அர்த்தமா? 1956இல் அரியலூரில் ரயில் கவிழ்ந்தபோது லால் பகதூர் சாஸ்திரி எந்தக் கூண்டிலும் ஏறவில்லை. தண்டவாளம் போட்டவரும் அவரில்லை. ரயில்வே அமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். அவர் படத்துக்கு வருடாவருடம் மாலை போடுகிறோம். நாற்காலியை விட்டு எழாமலே போட வசதியிருந்தால் இன்னும் பெரிய மாலையாகப் போடுவோம்.

ஒன்றை விட்டுவிட்டேனே. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் நிறுவனரோடு குற்றவாளிப் பட்டியலில் மிஞ்சியவர்களில் இன்னொருவர்: சத்துணவு சமைத்த பெண்மணி. மாடிப்படியை அளந்து, கூரையை ஆய்வு செய்து, அங்கீகாரத்தை ரத்து செய்து, கோப்பை மேலிடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டியவர் அவர்தான் போலும். சாம்பார் கிண்டுவதிலேயே நேரம் போய்விட்டது.