கேட்டு வாங்கும் சல்யூட்

போரில் குண்டடி பட்டவரிடம் "அதற்குச் சான்று இருக்கிறதா?" என்று கேட்பதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். அமெரிக்க மாநிலங்களின் வாகனப் பதிவு அலுவலகங்களுக்கு அது தாராளமாக உண்டு. முன்னாள் படைவீரர், போர்க்காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவர், போர்க்கைதியாக இருந்தவர், பல மாநிலங்களில் தீயணைப்புத் தொண்டர் என்று ஆளுக்கொரு கௌரவ நம்பர் பிளேட் வைத்திருக்கிறார்கள். ஆனால் சும்மா தரமாட்டார்கள். விண்ணப்பம் நிரப்ப வேண்டும். முன்னாள் வீரர் என்றால் படையிலிருந்து விடுபட்டதைச் சொல்லும் டிடி-214 என்ற தாளை நீட்ட வேண்டும். டெக்சாஸில் ஊனமுற்ற வீரருக்கான பிளேட் கேட்டால், பணியால் வந்த ஊனம் 50 சதவீதமாவது தேற வேண்டும். கால் துண்டிக்கப்பட்டிருந்தால் 40 போதும். 40 சதவீதக்காரருக்குக் கால் இரண்டும் பத்திரமாக இருந்துவிட்டால், பாவம், பிளேட் கிடையாது.

நன்றியை மனுப் போட்டா வாங்குவது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். தாள் தொலைந்தால் வீரமும் தொலைந்ததா? 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் இருந்த படையினர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. எதிரியிடம் தப்பி வந்தவர்கள் பீரோவோடு எரிந்துபோனார்கள். சம்பளச் சீட்டு, மருத்துவமனைக் குறிப்பு என்று வேறு இடங்களில் கிடைத்ததை ஒட்டுப்போட்டுத்தான் அவர்களில் பலருடைய சேவையை மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

இருந்தும் நான் அந்த மனுவின் பக்கம்தான். யாரும் எதுவும் கேட்காத ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னை இருக்கிறதே. 'போலீஸ்', 'பிரஸ்', 'ஆர்மி', 'தலைமைச் செயலகம்' என எல்லாமே ஸ்டிக்கர் கடையில் கிடைக்கும். கடைக்காரர் காசை எண்ணுவாரே தவிர, காயத்தை எண்ணமாட்டார். மச்சான் போலீஸ் என்றால் தங்கை புருஷனின் பைக்கும் போலீஸ்தான். கடைசியில் போக்குவரத்துப் போலீசார் 2024 மே 2 முதல் அபராதம் என்று இறங்க வேண்டியதாயிற்று. ஸ்டிக்கரில் பேசுகிறவர் வண்டிக்காரர். பிளேட்டில் பேசுவது அரசாங்கம். இது என் கற்பனையல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகப் போரிட்டவர்களின் வாரிசுச் சங்கம் ஒன்று, அந்தத் தென்மாநிலங்களின் கொடி போட்ட பிளேட் கேட்டது, டெக்சாஸ் மறுத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சு, எனவே மறுக்கலாம் என்றது. தன் வாயால் ஒருவரைப் புகழும் முன் அரசு ஆதாரம் கேட்பதில் என்ன தப்பு?

பிளேட்டைக் காட்டிச் சலுகை பிடுங்குவார்களே என்பார்கள். பிடுங்கலாம்தான். ஆனால் அரசு கொடுத்ததை அரசே திருத்தவும் முடியும். டெக்சாஸில் 2022 முதல், சக்கர நாற்காலிச் சின்னம் இல்லாத ஊனமுற்ற வீரர் பிளேட்டை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது. சின்னம் வேண்டுமா? அதற்கும் தனி மனு.

நியூயார்க் மாநிலத்தின் பிளேட்டுகளை ஆபர்ன் சிறையில் கைதிகள் தயாரிக்கிறார்கள். வீரருக்கு அரசு வைக்கும் சல்யூட்டைத் தகட்டில் அடிக்கும் அந்த வேலைக்குச் சேர டிடி-214 தேவையில்லை. தீர்ப்பு நகல் போதும்.