பேராக் மாநிலப் பழைய டீசல் பிக்கப்புகளின் அதிகாலைப் பிணக்கு: ஒரு திணைநிலை ஆய்வு

ஆய்வு எழுதப் புகுகிறவனுக்கு முதலில் வேண்டியது பிறர் தொடாத பொருள். பேராக்கில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. ஈயத்தை எழுதித் தீர்த்துவிட்டார்கள். பால்மரத்தைச் சீவிச் சீவி எழுதிவிட்டார்கள். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதையும், அதைத் தொட்டு அவசரகாலம் பிறந்ததையும் அலமாரி கொள்ளாத அளவுக்கு எழுதிவிட்டார்கள். ஆனால் அதே சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய டீசல் பிக்கப் காலை ஆறரைக்கு ஏன் கிளம்ப மறுக்கிறது, மன்றாடி ஒருமுறை கிளப்பிவிட்டால் அன்று முழுவதும் ஏன் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது என்பதற்கு ஒரு பக்கம் எழுத ஆளில்லை. அக்குறையை நீக்குதல் நுதலிற்று இக்கட்டுரை.

ஆய்வுக்குக் கொள்ளப்பட்ட மூலம் ஒரு டோயோட்டா ஹைலக்ஸ். 2எல் எஞ்சின், நான்கு சிலிண்டர், 2446 சிசி. நம்பர் பிளேட் 'ஏ'வில் தொடங்குவதால் பேராக்கில் பதிவானது என்பதில் ஐயமில்லை. காலக் கணிப்பில்தான் சிக்கல். ஓடோமீட்டர் என்றோ நின்றுவிட்டபடியால் அகச்சான்று கிடையாது. டாஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்று ஒரு விளக்கு உண்டு. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆனதும் எரிந்து, டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்ல வேண்டியது அது. ஓடாத ஓடோமீட்டரை நம்பியிருக்கும் விளக்கு எக்காலத்தும் எரியப்போவதில்லை. விளக்கு எரியவில்லை, ஆகவே வண்டி இளையது என்று விற்றவர் வாதிட்டார். தருக்க நூல் முறைப்படி அவ்வாதத்தில் குற்றம் காண இயலவில்லை, வாங்கியாயிற்று.

இனித் திணை வகுப்பாம். முதற்பொருளுள் நிலம், வீட்டு முன் கார் போர்ச். பொழுது, ஞாயிற்றுக்கிழமை வைகறை. கருப்பொருளுள் பறை, ஸ்டார்ட்டர் மோட்டாரின் இழுவை. உணவு, ஆறிப்போன கோப்பி ஓ. விலங்கு, பானட்டுக்குள் சூடு தேடும் அடுத்த வீட்டுப் பூனை. தொழில், 10, 12, 14 என மூன்று ஸ்பானர் இருக்க எப்போதும் 12-ஐ மட்டும் காணாமல் தேடுதல். உரிப்பொருளில் அறிஞர் மாறுபடுவர். சாமான் வரும்வரை காத்துக்கிடப்பதால் இருத்தலே என்பர் ஒருசாரார், அதுவாயின் முல்லை. ஜன்னல் படாரென்று சாத்தப்படுவதால் ஊடலே என்பர் மற்றொருசாரார், அதுவாயின் மருதம். "ஏங்க, பசாருக்குப் போறதா, இல்ல நான் கிராப் கூப்பிட்டுக்கவா?" என்று உள்ளிருந்து வந்த குரல் இரண்டாம் கூற்றுக்கு அரண் செய்தலின் ஈண்டு மருதமே கொள்ளப்பட்டது.

இப்பொருளில் முன்னோர் கருத்து மூன்று மரபாக வழங்குகிறது.

முதலாவது பேட்டரி மரபு. இதைச் சார்ந்தோர் தொகை மிகப் பெரிது. ஜம்பர் கேபிள் வைத்திருப்போர் அனைவரும் பிறப்பாலேயே இம்மரபினர். "பேட்டரி வீக்குலா, வேற ஒண்ணும் இல்ல" என்பது இவர்களது ஒரே நூற்பா. மறுப்பு: ஸ்டார்ட்டர் நன்றாகவே சுற்றுகிறது. பேட்டரியும் எர்த் கேபிளும் குற்றமற்றவை என மல்ட்டிமீட்டர் சான்று பகர்ந்தது.

இரண்டாவது குளோ பிளக் மரபு. இது சற்று ஆழமுடைத்து. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி உண்டு, டீசலில் இல்லை. காற்றை நெருக்கி, அந்நெருக்கத்தால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ள வேண்டும். 2எல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய 22 மடங்கு நெருக்குகிறது. எனினும் இதில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பாய்வதில்லை. பக்கத்தில் ஒரு சிற்றறை, அதில் தெளிக்கப்பட்டுப் பிறகே உள்ளே புகும். குளிர்ந்து கிடக்கும் அச்சிற்றறைச் சுவர் சூட்டைத் தின்றுவிடுவதால், முதல் தீக்குக் குளோ பிளக் துணை வேண்டும். "ஈப்போவில் என்ன பனியா கொட்டுகிறது?" என்று வினவுவோர் இவ்வறையை அறியாதார். ஆயினும் நான்கு பிளக்குகளையும் தனித்தனியே ஒரு பல்பு வழியே பேட்டரியோடு இணைத்துப் பார்த்ததில் நான்கு முறையும் பல்பு எரிந்தது. இம்மரபும் வீழ்ந்தது.

மூன்றாவது போமன் மரபு. பட்டறைப் போமன் பானட்டைத் திறக்காமலே, புகையை முகர்ந்து, "நோசல் போச்சு பாஸ், பம்ப் ஓவர்ஹால் பண்ணணும்" என்பார். புகையியலில் அவர் புலமையை ஐயுறுவதற்கில்லை. கறுப்பாயின் காற்றுக் குறைவு அல்லது எண்ணெய் மிகுதி, நீலமாயின் எஞ்சின் ஆயில் எரிகிறது, வெள்ளையாயின் பற்றாத டீசல் அல்லது, கெட்ட நேரமாயின், ரேடியேட்டர் தண்ணீர். ஆயினும் அவரது முடிபு எப்புகைக்கும் ஒன்றாகவே இருப்பது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. அவர் சொன்ன தொகைக்கு இன்னொரு மூலப்பிரதியே வாங்கிவிடலாம்.

இந்நிலையில்தான் வாய்மொழி மரபு கைகொடுத்தது. செம்பனைக் குலை லோரி ஓட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ராத்திரி எப்படி நிப்பாட்டுறே?"

"எப்படின்னா? போர்ச்சுலதான்."

"உம் போர்ச்சு சடக்கவிட மேடு. மூஞ்சி மேல பாக்குது. திருப்பி, மூஞ்சி கீழ பாக்குற மாதிரி போடு. காலையில ஒரே சுத்து."

ஏன் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எனக்குத் தெரியாது. தோட்டத்துல அப்படித்தான் போடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் காலை வண்டி ஒரே சுற்றில் கிளம்பியது. காரணம் கூறாமல் முடிபு மட்டும் கூறுவது மூலநூலாசிரியர் இயல்பு; காரணம் தேடித் தவிப்பது உரையாசிரியர் விதி.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், டீசல் குழாயில் காற்றுப் புகும் நெறி கூறுதல் நுதலிற்று. என்னை? டேங்க் வண்டியின் பின்னே, பம்ப் முன்னே. இவ்வண்டியில் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்க வேண்டும். இடையிலுள்ள ரப்பர் ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால், ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் தே ஓ ஐஸ் குடிப்பவன் நிலைதான் பம்ப்புக்கு. வண்டி நின்ற இரவில் அவ்வெடிப்பு வழியே காற்று நுழைய, குழாயில் நின்ற டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடுகிறது. காலையில் பம்ப் காற்றைத்தான் மெல்லுகிறது. வண்டியின் மூக்கைத் தாழ்த்தி நிறுத்தினால் டேங்க் மேலாகவும் பம்ப் கீழாகவும் அமைவதால் டீசல் திரும்ப வழியில்லை.

அற்றேல், வெடிப்பிருந்தால் கீழே சொட்ட வேண்டாமோ எனின், வேண்டா. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே ஒழுகாது. காற்றை உள்ளே விடும். சிமெண்ட் தரை துடைத்து வைத்ததுபோல் இருப்பதே அறிஞரை ஏமாற்றியது. சோதனையும் செய்யப்பட்டது. மினரல் வாட்டர் போத்தலில் டீசல் நிரப்பி, பானட் கொக்கியில் தொங்கவிட்டு, டேங்க் குழாயை விலக்கி, போத்தலிலிருந்து நேரே ஃபில்டருக்குக் கொடுத்தோம். மூக்கு மேல் நோக்க நிறுத்தியும் காலையில் ஒரே சுற்று. பிறகு டேங்க் குழாயை மீண்டும் மாட்டி, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையே நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்துப் பார்க்க, கொப்புளங்கள் வரிசை பிடித்து ஊர்ந்தன. குற்றவாளி ஃபில்டருக்கு முன்னுள்ள ஒரு சாண் ஹோஸ்.

சாதாரண மெக்கானிக் இத்துடன் நின்றுவிடுவான். ஆய்வாளன் அந்த ஹோஸ் ஏன் வெடித்தது என்று கேட்கக் கடமைப்பட்டவன். அதற்கு 1876-க்குப் போக வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877-இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகள் கோலகங்சாருக்கு வந்து, ரெசிடென்ட் ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. அந்த மரத்தின் சந்ததிக்குப் பால் வெட்டத்தான் நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். செம்பனையோ 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதல் வணிகப் பயிராக ஊன்றப்பட்டு, பொறுத்திருந்து, அறுபதுகளுக்குப் பின் பேராக்கில் பால்மரத்தை நிரை நிரையாகச் சாய்த்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட அந்நாளில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். மனிதரை அது காத்தது. மரத்தைக் காக்க அதனாலும் முடியவில்லை. சங்கத் தோட்டங்களிலும் பின்னாளில் செம்பனை ஏறியது. இது முதற்படையெடுப்பு. வரலாற்றாசிரியர்கள் இதனோடு எழுதுகோலை வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் படையெடுப்பு பிக்கப்பின் டேங்க் வழியே நடந்தது. செம்பனை எண்ணெயிலிருந்து செய்யும் மெத்தில் எஸ்டரை டீசலில் கலக்கும் திட்டம் 2011-இல் ஐந்து விழுக்காட்டில் தொடங்கி, 2014-இல் ஏழாகி, 2019-இல் வாகன டீசலுக்குப் பத்தாயிற்று. மெத்தில் எஸ்டர் நல்ல கரைப்பான். பழைய டேங்கின் அடியில் உறங்கிய கசடைக் கிளறி ஃபில்டரில் கொண்டுபோய் அடைக்கும். தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய வகை ரப்பரைக் காலப்போக்கில் வீங்கவோ தளரவோ செய்யும். ஆகவே, தோட்டத்தில் பால்மரத்தை வீழ்த்திய செம்பனை, அரை நூற்றாண்டு கழித்து எஞ்சின் வரை துரத்திவந்து, மிஞ்சிய ஒரு சாண் ரப்பரையும் கணக்குத் தீர்த்துவிட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தாவர எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடுவது புதுமையோ எனின், அன்று. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. கடலைக்குப் பெயர்போன மெங்லெம்பு ஈப்போவுக்கு அருகிலேயே இருந்தும், நாம் கடலையைக் கொறித்துவிட்டுச் செம்பனையை எரிக்கிறோம்.

இனித் தடைவிடை. 'ஹோஸ் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர். அதற்கும் கோலகங்சார் மரத்துக்கும் என்ன உறவு?' என்பார் உளர். உண்மை. மரத்து ரப்பர் டீசலில் ஊறி உப்பிவிடும், ஹோஸுக்கு உதவாது. நைட்ரைல் 1930-களில் ஜெர்மன் வேதியியலார் ஆக்கியது. ஆயினும் 1942-இல் மலாயா ஜப்பானியர் கையில் வீழ்ந்து மரத்து ரப்பர் வரத்து அறுந்த பிறகுதான் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை மலைமலையாகக் கட்டியது. ஆகவே செயற்கை ரப்பர் நம் மரத்துக்குச் சுவீகார வாரிசு. சொத்துரிமை உண்டு, பகையும் உண்டு. 'பத்து விழுக்காடு இவ்வளவு செய்யுமோ? எஞ்சின் சூடும் வயதும் போதாவோ?' என்பது அடுத்த தடை. போதும். சாகக் கிடந்ததைச் செம்பனை சற்றுத் தள்ளிவிட்டது என்று திருத்திக் கொள்க. அரசியல் வரலாற்றில் இதற்கும் மெலிந்த சான்றில் தடித்த நூல்கள் உண்டு.

பரிகாரம் சிறிது. எஸ்டரைத் தாங்கும் வைட்டான் வகை ஹோஸ் ஒரு சாண், ஸ்க்ரூ கிளிப் இரண்டு. ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கொடுத்தது, குடும்பத்தோடு ரொட்டி சானாய் சாப்பிட ஆகும் காசு. கூடவே ஃபில்டரையும் மாற்றுக. கழற்றியதைக் கவிழ்த்தால் கோப்பிக் கசடு போல் வருவதைப் பார்த்து அதிர வேண்டாம். பிறகு ஃபில்டர் தலையிலுள்ள கை பம்ப்பை விரல் வலிக்குமட்டும் அமுக்கினால் அது இறுகும். டீசல் வந்துவிட்டது என்பது பொருள். இன்னும் கிளம்பாவிடில் இன்ஜெக்டர் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, டீசல் நுரையின்றி வந்ததும் இறுக்குக. அங்கே மட்டும் விளையாட்டு வேண்டாம். இன்ஜெக்டர் நூறு பாருக்கு மேலான அழுத்தத்தில் பீய்ச்சுவது. ஓடும் எஞ்சினில் விரலை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பொருளாதாரத்தையும் தொட்டுவிடுவது மரபு. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குத் தாவியது. தகுதியுள்ள தனியார் டீசல் வண்டிக்காரருக்கு 'புடி மடானி' என்ற பெயரில் மாதம் 200 வெள்ளி கிடைத்தது. அதுவரை மெட்டல் கடைக்குப் போகவிருந்த பல கிழ வண்டிகளுக்கு அன்று முதல் வீட்டில் மரியாதை கூடியது. உதவித்தொகை பெறும் ஒரே உறுப்பினராக அவை குடும்ப அட்டையில் இடம் பிடிக்காதது ஒன்றுதான் குறை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை எச்சவியலில் முடித்தார். இக்கட்டுரைக்கும் ஓர் எச்சம் உண்டு. எல்லாம் மாட்டி, பானட்டைச் சாத்தி, கை கழுவி வந்து பார்த்தால் தரையில் ஒரு போல்ட். 12 தலை. ஹோஸ் கிளிப்பில் போல்ட் கிடையாது. ஃபில்டர் பிராக்கெட் போல்ட்டுகள் அதனதன் இடத்தில் இருந்தன. பெரியவரை அழைத்துக் காட்டப்பட்டது.

"வண்டி ஓடுதா?"

"ஓடுதுங்க."

"அப்ப அது வண்டியோடது இல்ல தம்பி."

இந்நூற்பாவுக்கு உரை காணும் பணி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.